பக்கத்து வீட்டுக் கலியாணம்



ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்டு நிழல் தெரியும். மரத்துக்கு மரம் கூடாரம் போட்டு, சட்டி பானையோடு வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள். இந்தப் பக்கம் பேசாலைக்காரர் என்றால், அந்தப் பக்கம் நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ வந்த சிங்களக் குடும்பம். பெரியவர்கள் அரைகுறைப் பாஷையில் உப்பும் தேங்காயும் கேட்டு வாங்குவதற்குள் பிள்ளைகள் ஒன்றாக விளையாடத் தொடங்கிவிடுவார்கள். பின்னேரம் எல்லோரும் ஒரே மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நிற்பார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் கத்தோலிக்கக் கோவிலில் கலியாணம் முடித்தவர்கள். குருவானவர் இரண்டு சோடியிடமும் கேட்டது ஒரே கேள்விதான், இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைத்ததும் ஒரே மாதிரித்தான். ஆனால் கலியாணப் படங்களை அருகருகே வைத்தால் ஒன்று மற்றதைப் போல இருக்காது. நீர்கொழும்பு அம்மா வெள்ளைக் கவுணும் தலையில் வலையுமாக நிற்பார். அவருக்கு மோதிரம்தான் கலியாண அடையாளம். பேசாலை அம்மாவுக்கு மோதிரத்தோடு தாலியும் ஏறியிருக்கும். கோவிலால் வந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கூறை மாற்றி இன்னொரு படமும் எடுத்திருப்பார்.

“ஒரே வேதம்தானே, அவையள் ஏன் தாலி கட்டேல்லை?” என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்லுவோம்? பெரும்பாலும், “அது அவையின்ர வழக்கம்” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவோம். அந்தக் கேள்விக்கு உரிய மரியாதையைக் கொடுக்கவேண்டும் என்றுதான் இந்த இதழை அயலவர் கலியாணங்களைப் பற்றிய பிள்ளைகள் சிறப்பிதழாகக் கொண்டுவந்திருக்கிறோம்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நல்ல கதை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் கிறிஸ்தவம் பரவிய காலத்தில், தாலியை விடலாமா வைத்துக்கொள்ளலாமா என்று ரோமாபுரி வரைக்கும் வழக்குப் போனது. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன் என்பவர் 1704இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக்கூடாது, வேண்டுமானால் சிலுவையோ மாதா உருவமோ வைத்த தாலி கட்டலாம் என்பது அதில் ஒன்று. ஊர்ச் சனம் தாலியை விட்டுக்கொடுக்கவில்லை, திருச்சபையும் தன் அடையாளத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று நம் பெண்களின் கழுத்தில் சிலுவையோ புறாவோ பொறித்துத் தொங்கும் தாலிக்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதற்கும் முந்தியதைச் சொல்லலாம். அகநானூற்றில் 86ஆம், 136ஆம் பாட்டுகள் இரண்டும் கலியாண வீட்டைக் காட்டுகின்றன. பந்தல் உண்டு, புதுமணல் உண்டு, உளுந்துச் சோறு உண்டு, பெண்ணை நீராட்டும் தாய்மார் உண்டு. தாலி கட்டியதாகவோ தீ வலம் வந்ததாகவோ அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று நாம் அடித்துச் சொல்லும் பல விஷயங்கள் ஏதோ ஒரு காலத்தில் வந்து சேர்ந்தவைதான் என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்.

பாடசாலையில் இதற்கு இடம் குறைவு. சமயபாட மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு வகுப்பறைக்கும் சைவப் பிள்ளைகள் இன்னொன்றுக்கும் இஸ்லாமியப் பிள்ளைகள் வேறொன்றுக்கும் பிரிந்து போவார்கள். தன் சமயத்தைப் படிக்க அது வேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் கூட்டாளி அந்த நேரத்தில் என்ன படிக்கிறான் என்று அறிய வேறு பாடவேளை வாய்ப்பது அரிது. முன்பு இந்தக் குறையைக் கலியாண வீடுகளே தீர்த்தன. அழைப்பு வந்தால் வீட்டோடு போவோம்.

மன்னாரில் அந்த வழி ஒரு தலைமுறைக்கு அடைபட்டுப் போனது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியும் முசலிப் பக்கத்து ஊர்களும் வெறிச்சோடின. கையில் எடுத்ததோடு படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனவர்கள் அங்கேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டார்கள். இங்கே இருந்த தமிழ்ப் பிள்ளைகளும் மடுத் தேவாலய வளவிலும் முகாம்களிலும் வளர்ந்தார்கள். அந்த இருபது வருடத்தில் வளர்ந்த மன்னார்த் தமிழ்ப் பிள்ளைகளில் ஒரு நிக்காஹ் கலியாண வீட்டுப் படியை மிதித்தவர்கள் மிகக் குறைவு. புத்தளத்தில் வளர்ந்த எருக்கலம்பிட்டிப் பிள்ளைக்கும் தாலிக்குப் பொன்னுருக்கல் என்றால் என்னவென்று தெரிய வாய்ப்பில்லை. அவர்கள்தான் இன்று தாய் தகப்பன்மார். தாங்கள் காணாததை அவர்கள் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள்? இந்த இதழின் முழுக் கவலையும் அதுதான்.

ஆகவே, கூட்டிப் போங்கள். பொன்னுருக்கல் நாளில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பிள்ளையை முன்வரிசையில் இருத்துங்கள். பத்தர் தணலை மூட்டி, மூசையில் தங்கக் காசைப் போட்டு, குழலால் ஊத ஊத அது விளிம்பு மழுங்கி, உருண்டு, ஒரு துளியாகத் திரளும். எட்டிப் பார்க்கும் பிள்ளையின் முகம் வெக்கையில் சிவக்கும். அந்தப் பொன் தாலியோடு சேரும் என்று பக்கத்தில் இருக்கும் அப்பம்மா சொல்லுவா. அன்றிலிருந்து கலியாணம் வரைக்கும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுவா. நிக்காஹ் வீட்டிலே, பொம்பிளையின் வாப்பா அல்லது வலி என்ற பொறுப்பாளராக நிற்பவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சாட்சிகள் கேட்க, மஹர் இவ்வளவு என்று சொல்லிக் கலியாணம் முடித்துக் கொடுப்பதைப் பிள்ளை தன் காதால் கேட்கட்டும். பிறகு ஒரே சஹனைச் சுற்றி இருந்து சாப்பிடட்டும். அறிமுகமில்லாத ஐந்து பேரோடு ஒரு தட்டில் கை வைத்த பிள்ளைக்கு அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு பாடம் நடத்தத் தேவையில்லை.

பார்த்துவிட்டு வந்த பிறகு பேசுவதற்கும் நிறைய உண்டு. உடுப்பையும் பலகாரத்தையும் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டத்தில் சீதனம் பெண்ணுக்கென்று பெற்றோர் கொடுக்கும் சொத்து. இன்றைக்கும் நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் உண்டு. கண்டிச் சிங்களவரிடம் பின்ன என்ற கலியாணத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார், தீக என்றால் பெண் போவாள். இஸ்லாத்தில் மஹர் மாப்பிள்ளை கொடுப்பது, பெண்ணின் சொந்தப் பணம். ஆனால் கைக்கூலி என்று பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கமும் நம் முஸ்லிம்களிடம் வந்து சேர்ந்து, 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டத்திலேயே பெயர் பதிந்துவிட்டது. இங்கேதான் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்: “அப்ப ஏன் ஒரு வீடு தராட்டிக் கலியாணம் நிக்குது?” தட்டிக் கழிக்காதீர்கள். மகளின் கைக்காவலாக இருந்த சீதனம் மாப்பிள்ளையின் விலையாக மாறி, எத்தனையோ அக்காமாரை வீட்டோடு இருத்தி வைத்திருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். அயலவர் வழக்கத்தைப் படிக்கிற பிள்ளை தன் வீட்டையும் உற்றுப் பார்க்கத் தொடங்குவது நல்லதே.

பொம்பிளையிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்பதையும் விடவேண்டாம். கோவிலில் குருவானவர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். சைவக் கலியாணத்தில் ஐயர் அப்படிக் கேட்பதில்லை. பதிவுப் புத்தகத்தில் வைக்கும் கையெழுத்துத்தான் அவளுடைய வாய்ச்சொல். 1951 முஸ்லிம் விவாகச் சட்டம் வலியின் கையெழுத்தைக் கேட்டது, பொம்பிளையின் கையெழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. அதை மாற்றவேண்டும், கலியாண வயது 18 என்பது எல்லோருக்கும் பொதுவாகவேண்டும் என்று முஸ்லிம் பெண்களே பல வருடமாகப் போராடி வருகிறார்கள். மற்ற எல்லோருக்கும் 18 என்று சட்டம் திருத்தப்பட்டது 1995இல்தான். சட்டம் வந்த பிறகும் நம் கை சுத்தமாக இருக்கவில்லை. போரின் கடைசி வருடங்களில், புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயத்தில் வன்னியில் எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தோம். அந்தத் தாய்மாரைக் குற்றம் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அவர்களின் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். கலியாணப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் அதை நினைவில் வைத்து, வார்த்தை பார்த்துப் பேசவேண்டும். தாய் தகப்பனின் கலியாணப் படத்தைக் கொண்டு வா என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கவேண்டாம். சில வீடுகளில் படம் இல்லை, சில வீடுகளில் படத்தில் இருப்பவர் இல்லை.

ஒரு சின்ன வசதிக் குறிப்பு. தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளிலும், நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளிலும், ஆடியிலும் மார்கழியிலும் சைவ வீடுகளிலும் கலியாணம் வைப்பது அரிது. இடைப்பட்ட மாதங்களில் அழைப்பு வரும்போது, “பிள்ளைக்குச் சோதனை கிடக்கு” என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வேறு சமயத்தவரின் கலியாண வீட்டுக்குப் போய் வந்த பிள்ளை, தான் கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி எங்களுக்கு அனுப்பட்டும். யார் என்ன கொடுத்தார்கள், யார் யாரிடம் என்ன கேட்டார்கள், எது விளங்கவில்லை என்று எழுதினால் போதும். விளங்காததை அந்த அந்தச் சமயத்துப் பெரியவர்களிடமே கேட்டுப் பதிலோடு பிரசுரிப்போம். மடுவில் சந்தித்த கூட்டாளியையும் எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் வந்தால் தமிழாக்கிப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்