மிரட்டல் என்றொரு சொல்

"சாவறவ சொல்லிட்டா சாவா?"

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையிலிருக்கும் எங்கள் பிரம்மதேசத்தில், 2005இல், என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. அவர் பேசியது தன் மருமகளைப் பற்றி. எனக்கு அண்ணி முறை. அண்ணன் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் போதும், தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று அண்ணி தீர்மானித்துவிடுவார். காலையில் தெய்வமாகத் தெரிந்த மாமியார் மாலையில் அரக்கியாகிவிடுவார். பிறகு அழுகை, கையைக் கீறிக்கொள்ளுதல், 'செத்துப்போகிறேன்' என்ற சொல். மறுநாள் எதுவுமே நடக்காததுபோல் வாசலில் கோலம் இருக்கும்.

ஊரிடம் ஆயத்தமாக மூன்று விளக்கங்கள் இருந்தன: கொழுப்பு, பேய், நடிப்பு. பேய்க்காக ஓர் அமாவாசை இரவில் மேல்மலையனூருக்கு அழைத்துச் சென்றார்கள். அந்த ஆண்டுதான் 'சந்திரமுகி'யும் 'அந்நியனு'ம் வெளிவந்திருந்தன. தெருப் பையன்கள் அண்ணியைச் சந்திரமுகி என்றே அழைத்தார்கள். காயத்துக்குத் தையல் போட்ட இடத்திலும் "சும்மா நடிப்பும்மா இது" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவர்தான் அதற்கொரு பெயர் சொன்னார். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு.

அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், நரம்புத்தளர்ச்சிக்கும் சித்தப்பிரமைக்கும் நடுவே எதிலும் அடங்காமல் நின்ற நோயாளிகளைக் குறிக்க 'எல்லைக்கோடு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு அதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. எல்லை பற்றிய அந்தப் பழைய கருத்து போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே கேட்பவர்கள் 'பாதிப் பைத்தியம்' என்று பொருள் கொள்கிறார்கள். ஓருடலில் இரண்டு ஆட்கள் என்று சினிமா காட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. '3' படத்தில் தனுஷுக்கு இருந்த இருமுனைக் கோளாறும் இதுவன்று. அதில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீளும். இதில் ஒரு பிற்பகலுக்குள் நான்கு முறை மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு மனிதர் இருப்பார், அவர் விலகிவிடுவாரோ என்ற பயம் இருக்கும்.

பெண்களின் நோய் என்பதும் முழு உண்மையன்று. மருத்துவமனைகளில் பெண்களே அதிகம் தென்படுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் வீடுவீடாகச் சென்று எடுத்த பெரிய கணக்கெடுப்பில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தார்கள். அதே கொந்தளிப்புள்ள ஆணை நாம் குடிகாரன், முரடன் என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இலக்கிய நண்பர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது, பிடிக்காத ஒரு பெண் கவிஞரை இந்த நோயின் பெயரால் ஏசுகிறோம். அதே கொந்தளிப்பை, இறந்துபோன ஓர் ஆண் கவிஞரிடம் கண்டால் மேதைமை என்று கொண்டாடுகிறோம். இரண்டுமே அந்த மனிதரைப் பார்க்காமல் இருப்பதற்கான வழிகள்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரியம்மாவின் கேள்வியைத்தான் விட முடியவில்லை. கீறிக்கொள்கிறவர்களில் பலர் சாக விரும்பிக் கீறுவதில்லை. தாங்க முடியாத ஒன்றைச் சற்று நேரம் தாங்குவதற்காகவே செய்கிறார்கள். அது உண்மைதான். அதிலிருந்து 'அப்படியானால் சாகமாட்டாள்' என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை. இந்நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர் வரை தற்கொலையால் இறப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் முன்பே சொன்னவர்கள், முன்பே முயன்றவர்கள் உண்டு. எங்களுடையதைப் போன்ற விவசாயக் கிராமங்களில் இன்னொன்றும் சேர்கிறது. கோபம் அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் பயிருக்கு வாங்கிய மருந்து வீட்டு மூலையிலேயே இருக்கிறது. குடித்தவர் மிரட்டக் குடித்தாரா, சாகக் குடித்தாரா என்பது விஷத்துக்குத் தெரியாது.

இலங்கை இதைப் புரிந்துகொண்டது. 1995இல் கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அங்கே மனிதர்களின் கோபதாபம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள்தான் மாறியிருந்தது.

'இது பிறவிக் குணம், மாறாது' என்பது அடுத்தது. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் 290 நோயாளிகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தணிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் அப்படியே நீடித்தன. வேலையும் உறவுமாக முழுமையாக மீண்டவர்கள் பாதிப்பேர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்நோய்க்கான பெயர்பெற்ற சிகிச்சையை உருவாக்கியவர் மார்ஷா லைனஹான். உள்ளதை உள்ளபடி ஏற்பது, அதேவேளையில் மாற்றுவது என்ற இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் முறை அது. ஜென் பயிற்சியிலிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறார். 1961இல், 17 வயதில், ஹார்ட்ஃபர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர் அவர். கைகளில் தழும்புகள். 'நீங்களும் எங்களில் ஒருவரா' என்ற பொருள்பட ஒரு நோயாளி கேட்ட பிறகு, 2011இல் அதே மருத்துவமனைக்குச் சென்று தன் கதையை அனைவருக்கும் முன் சொன்னார். ஐம்பது ஆண்டுகள் அதை மறைத்து வைத்திருக்க நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

பிரம்மதேசத்தில் அந்தச் சிகிச்சை முழு வடிவில் கிடைக்காது. 14416 என்ற எண்ணில் தமிழில் பேச ஆள் கிடைக்கிறார்கள். 2022க்கு முன் அதுவும் இல்லை. புதுச்சேரி மருத்துவர் அண்ணிக்கு மாதமொரு முறை பேச நேரம் கொடுத்தார். பெரியப்பாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: பூச்சிமருந்து வீட்டில் இருக்கக் கூடாது.

அண்ணி இப்போது மகளிர் குழுவின் கணக்கை எழுதுகிறார். அண்ணன் பிந்தி வந்தால் இன்றும் முகம் மாறும்; வாசலில் போய் நின்றுகொள்வார், யாரும் எதுவும் கேட்பதில்லை. மருந்தெல்லாம் மோட்டார் கொட்டகையில் பூட்டியிருக்கிறது. சாவி பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில்.