கலயத்திற்குக் கைவிலங்கு! புட்டிக்கு அரியணையா?

விடுமுறை வந்துவிட்டால் மதுரையின் படித்த இளைஞர்க்கு இந்நாளில் புதியதொரு திருச்செலவு வாய்த்திருக்கின்றது. வையைக் கரையில் பிறந்தவர் ஏறத்தாழ 270 கல் தொலைவு கடந்து பெங்களூர் செல்கின்றார். 2010ஆம் ஆண்டிலிருந்து கருநாடக அரசு இசைவளித்து வரும் சிறு வடிசாலைகளுள் ஒன்றில் நுழைகின்றார். 'கிராப்ட் பீர்' என்று அதற்குப் பெயர். கைத்திறத்தால் சிற்றளவில் வடிக்கப்பெறும் வாற்கோதுமைக் கள் என்பதே அதன் பொருள். கண்ணாடிச் சுவருக்கப்பால் பளபளக்கும் கொப்பரைகள்! முளைகட்டிய கூலம் இன்னது, கசப்பேற்றும் பூ இன்னது, புளிக்கும் நாள் இத்தனை என்று பணியாளன் ஆங்கிலத்தில் ஓதுகின்றான். 'லாகர்', 'ஏல்', 'சுட்டவுட்டு' என்னும் பெயர்களை நம் இளைஞர் மந்திரம்போல் உருவேற்றிக் கொள்கின்றார். ஊர் திரும்பியதும் அதனையே நாகரிகம் என்று நண்பரிடம் மார்தட்டுகின்றார்.

அவரிடம் மூன்றே மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். தோப்பி, நறவு, அரியல்! விழிப்பார். எந்த நாட்டு மொழி என்று கேட்டாலும் கேட்பார். அவருடைய முன்னோர் மொழிதான்!

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை அவர் புரட்டியிருப்பாராயின் வெட்கித் தலை குனிந்திருப்பார். இல்லத்திலேயே ஆக்கப்பட்ட நெற்கள்ளாகிய தோப்பி அந்நூலில் வருகின்றது. அரியல் ஆக்கும் முறையும் படிப்படியாக வருகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளையடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, திண்ணிய வாயுடைய சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறை அது. முளையின் துணைகொண்டு கூலத்தைப் புளிக்கவைக்கும் நுட்பம் இதுவன்றி வேறென்ன? பெங்களூர்க் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவர் வாய்பிளந்து பார்த்த வித்தையை, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழ்ப் புலவன் அடுக்களையில் பார்த்து எழுதிவைத்தான். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியோ, இதே மதுரைத் தெருவில் கள் விற்கும் இடத்தைக் காட்டப் பறந்த கொடியையும் விடாமல் குறித்துள்ளது.

குடியைப் போற்றுவதற்காக இவை சொல்லப்படவில்லை. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பேராசானின் அறத்திற்கு மேல் தமிழர்க்கு வேறு அறம் இல்லை. குடியாதவனே உயர்ந்தவன். ஆயின், குடியைத் தடுக்கின்றோம் என்னும் பெயரால் தமிழன் மரத்தை மட்டும் தண்டித்து, அயலான் புட்டியைப் போற்றுவது அறமா என்பதே வினா.

வரலாறு சொல்லட்டும்! 1937இல் இராசாசி சேலம் மாவட்டத்தில் குடிவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971இல் கருணாநிதி ஆட்சி விலக்கைத் தளர்த்தியது. 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக் கடைகளையும் மூடியது. 1981இல் ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சி அவற்றை மீண்டும் திறந்தது. 1987 சனவரி முதல் நாள் மறுபடியும் மூடியது. கள்ளுக்கு அன்று விழுந்த பூட்டு இன்றுவரை திறக்கப்படவில்லை. அயல்நாட்டு வகைக் குடிகளுக்கோ? 1983இல் அரசே அவற்றுக்கென ஒரு வாணிகக் கழகம் கண்டது. 2003இல் செயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடைகளையும் அதுவே ஏற்றது. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் அதன் வழியே அரசு ஈட்டிய வருவாய் 45,855 கோடி உருபா! இதற்குப் பெயர் குடிவிலக்கா? கள் விலக்கு, புட்டி வளர்ப்பு!

மேலூர்ப் பக்கமும் திருமங்கலப் பக்கமும் கண்மாய்க் கரைகளில் நிற்கும் பனைகளைப் பாருங்கள். நீர் ஊற்றியவர் யார்? உரம் இட்டவர் யார்? தானே வளர்ந்து, கரையைக் காத்து, நுங்கும் கிழங்கும் ஓலையும் நாரும் தந்து நிற்கும் மரம்! தமிழ்நாட்டின் மாநில மரம் என்று அதற்குப் பட்டமும் உண்டு. தளைநாரும் பாளை அரிவாளும் கொண்டு காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறுகின்றான் பனையேறி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே பாளையிலிருந்து இறங்குவது கள். ஒரு விரற்பூச்சுச் சுண்ணாம்பு குறைந்தால் உழைப்பாளி குற்றவாளி ஆகின்றான்! அவன் கலயத்தில் இருப்பதோ நூற்றுக்கு ஏறத்தாழ நான்கைந்து பங்கு வெறியம். அரசு விற்கும் பிராந்திப் புட்டியில் இருப்பதோ நூற்றுக்கு 42.8 பங்கு! நான்கு குற்றம், நாற்பது வருவாய்! எந்த நாட்டுக் கணக்கு இது?

பிழைப்பிழந்த பனையேறியின் மகன் கொத்து வேலைக்குப் போனான். ஏறுவார் இல்லாத பனை செங்கற் சூளைக்குப் போனது. வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நன்றே. ஆயின், ஏறுபவனை வாழவிடாமல் மரத்தை மட்டும் வாழவைப்பது எங்ஙனம்?

பிற இனத்தார் தம் கைத்திறனை எப்படிப் போற்றுகின்றனர்! செருமானியரின் பவேரியா நாட்டில் வாற்கோதுமைக் கள்ளின் தூய்மைக்கு 1516ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. பெல்சிய நாட்டின் கள்மரபு 2016இலும், சப்பானியரின் அரிசித் தேறல் வடிக்கும் கலை 2024இலும் யுனெசுக்கோவின் மரபுப் பட்டியலில் ஏறின. அவ்வளவு தொலைவு போவானேன்? குமுளியைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை. யாழ்ப்பாணத்தில் பனங்கள் புட்டியில் அடைத்து விற்கப்படுகின்றது. நடுவே நிற்கும் தமிழ்நாட்டில் மட்டும் அது நஞ்சாம்!

கள்ளில் கலப்படம் நேரும் என்பது ஆள்வோர் வாதம். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயத்தால் மாண்டனர். கள்ளுக்குத் தடையும் இருந்தது. அரசுக் கடையும் திறந்திருந்தது. எந்த உயிரை இத்தடை காத்தது? கலப்படத்தைத் தண்டிக்கத் துப்பில்லாத அரசு பனையைத் தண்டிக்கின்றது! தந்தை பெரியார் தென்னைகளை வெட்டவில்லையா என்பார் சிலர். வெட்டினார். தம் தோப்பில் தம் மரங்களை வெட்டினார்! ஏழையின் கலயத்தை உடைத்துவிட்டுத் தாம் கடை திறக்கவில்லை.

ஆகவே, நேர்மை இரண்டே வழிகளில் உண்டு. விலக்கென்றால் புட்டிக்கும் கலயத்திற்கும் ஒருசேர விலக்கு. அரசுக் கடைகள் அனைத்திற்கும் பூட்டு. அதற்கு நெஞ்சுரம் இல்லையேல், பனையேறியின் கைவிலங்கை முதலில் அகற்றுக! மூன்றாவது வழி ஏமாற்று வழி.

விடுமுறைச் செலவு சென்று திரும்பும் இளைஞனுக்கும் ஒரு சொல். அயலான் கொப்பரையின் முன் கைகட்டி நின்று கற்ற பாடத்தில் பாதியையேனும் தன் பாட்டன் நூலில் கற்கட்டும். குடிக்க வேண்டா, அறிந்தால் போதும். சொல்லை இழந்தவன் தொழிலை இழப்பான். தொழிலை இழந்தவன் நிலத்தையும் இழப்பான். கண்மாய்க் கரைப் பனை இன்னும் சாயவில்லை. தமிழா, நீ சாயாதே! எழு!