ரெண்டு பைலட், ஒரு 'வேண்டாம்'

சனிக்கிழமை காலைல பர்கர் திங்கிறதுக்காக விமானத்தை வாடகைக்கு எடுக்கிற ஜாதி ஒண்ணு கலிஃபோர்னியாவுல இருக்கு. அதுல நானும் ஒருத்தன். பத்து டாலர் பர்கர், அதைச் சாப்பிடப் போய்வர பெட்ரோலும் வாடகையும் அதைப்போல பல மடங்கு. 'நூறு டாலர் பர்கர்'னு இதுக்கு இங்கே பேரே உண்டு. வீட்டம்மா வைக்கிற பேர் வேற, அது இங்கே வேண்டாம் :-)

போன மாசம் நானும் ஒரு மதுரைக்கார நண்பனும் பாலோ ஆல்டோவில் இருந்து ஹாஃப் மூன் பே போகலாம்னு கிளம்பினோம். அவனும் லைசென்ஸ் வெச்சிருக்கான். செஸ்னா 172, நாலு சீட்டு. நடுவுல ஒரு மலைத்தொடர், அதைத் தாண்டினா பசிபிக். செலவு பாதிப் பாதி. இடது சீட்டுல நான், அதாவது கேப்டன் நான்.

மலையைத் தாண்டினா கடற்கரையே காணோம்! பஞ்சு மெத்தை விரிச்ச மாதிரி வெள்ளை மேகம். கோடையில இந்தக் கரையோரத்துல இது தினப்படி சமாச்சாரம், காலைல மூடும், வெயில் ஏற ஏற விலகும். அன்னிக்கு விலகல. ரேடியோவில் தானியங்கி வானிலைக் குரல், மேகத்தோட அடிமட்டம் 700 அடின்னு சொல்லுச்சு. ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கவே சுமார் 1000 அடி உயரம் வேணும்.

ஆனா மேகத்துல ஒரு ஓட்டை. கீழே கடல் நீலமா பளபளன்னு தெரியுது. "இதுல புகுந்து இறங்கிடலாம்டா"ன்னேன்.

அவன் ஒரு செகண்ட்கூட யோசிக்கல. "வேண்டாம் மாப்ள, திரும்பு."

உண்மையைச் சொல்றேன், எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. கேப்டன் நானா இவனா? பதில் பேசாம திரும்பினேன். சன்னிவேல்ல தோசை சாப்பிடற வரைக்கும் மூஞ்சைத் தூக்கி வெச்சிருந்தேன். ரெண்டாவது காப்பிக்கு அப்புறம்தான் உறைச்சுது, அந்த ஓட்டை ரெண்டு நிமிஷத்துல மூடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு.

மேகத்துக்குள்ள மாட்டினா கண்ணுக்கு அடிவானம் இல்லை. காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ஞ்சுகிட்டே இருக்கும், நமக்கு நேரா போறதாத் தோணும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வெச்சு சோதனை பண்ணாங்க. கட்டுப்பாட்டை இழக்க அவங்களுக்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூணு நிமிஷம்கூட இல்லை. எனக்கும் அதுல முழுப் பயிற்சி கிடையாது.

1999 ஜூலை 16 ராத்திரி ஜான் எஃப். கென்னடி ஜூனியர், மனைவியோடயும் மனைவியோட அக்காவோடயும் கடல்ல விழுந்து செத்ததும் இதே திசைக் குழப்பத்தாலதான். புகைமூட்டமான இருட்டு, அடிவானம் தெரியல. பயிற்றுநர் ஒருத்தர் கூட வரட்டுமான்னு கேட்டாராம், தனியா ஓட்டணும்னு சொல்லிட்டாராம். விபத்து அறிக்கையிலயே இருக்கு.

அப்போ பக்கத்துல இன்னொரு பைலட் இருந்தா பாதுகாப்பா? இல்லைங்கிறதுதான் என் கட்சி. பல நேரம் ஆபத்து கூடத்தான் செய்யும். அவன் பார்த்துப்பான்னு நான் நினைப்பேன், நான் பார்த்துப்பேன்னு அவன் நினைப்பான். அதைவிட மோசம், ஒருத்தன் முன்னாடி இன்னொருத்தன் பயந்தாங்கொள்ளியாத் தெரியக்கூடாதுங்கிற வீறாப்பு. நம்ம ஆளுங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி. ஈசிஆர்ல டிரைவர் கன்னாபின்னான்னு ஓட்டும்போது, பின்சீட்டுல எல்லாரும் கம்பியைப் பிடிச்சுகிட்டு சாமி கும்பிடுவோமே தவிர, "அண்ணே, மெதுவாப் போங்க"ன்னு ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம். அவர் மனசு நோகுமாம்!

விமானத்தை ஒருத்தர் கையில் இருந்து இன்னொருத்தர் வாங்கறதுக்கு ஒரு முறை இருக்கு. "கண்ட்ரோல் உன்கிட்ட"ன்னு ஒருத்தர், "என்கிட்ட"ன்னு மத்தவர், மறுபடி "உன்கிட்ட"ன்னு முதல் ஆள். மூணு தடவை சொல்லணும். கைமாத்தறதுக்கே இவ்வளவு சடங்கு இருக்கும்போது, 'வேண்டாம்'னு சொல்றதுக்கும் ஒரு ஒப்பந்தம் தரையிலேயே போட்டுக்கணும். கேப்டன் ஒருத்தர்தான். ஆனா திரும்பலாம்னு யார் சொன்னாலும் திரும்பணும். காரணம் கேட்கக்கூடாது. விவாதம் எல்லாம் தோசைக் கடையில்.

"பயந்தவன் பேச்சைக் கேட்டா பறக்கவே முடியாதே"ன்னு கேட்கலாம். ஆம்புலன்ஸ் விமானம்னா அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. நாங்க போனது பர்கர் திங்க. ஜாலிக்குப் பறக்கிறவனுக்கு இருக்கிற பெரிய வசதியே, போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லாததுதான். அதையும் வீறாப்புக்குத் தொலைச்சுட்டா அப்புறம் என்ன ஜாலி?

அடுத்த சனிக்கிழமை மறுபடி போறோம். இந்தத் தடவை இடது சீட்டு அவனுக்கு. 'வேண்டாம்' சொல்ற உரிமை எனக்கு.

டிஸ்கி: அன்னிக்குத் தோசைக் காசு நான்தான் கொடுத்தேன். மன்னிப்பு கேட்டதா அவன் எடுத்துக்கிட்டான்னு நினைக்கிறேன் :-)