காட்டுக்குக் காவல் யார்?



சேலத்து வீதியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குச் சேர்வராயன் மலை தெரியும். நாமக்கல்லிலிருந்து வடகிழக்கே செல்வோரைக் கொல்லிமலை எதிர்கொள்ளும். அழகிய மலைகள் என்று பாராட்டிவிட்டு அவரவர் அலுவலைக் கவனிக்கச் சென்றுவிடுகிறோம். இந்தச் சமவெளிக்குச் சோறிடுவன அந்த மலைகள்தாம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. மலையில் மரம் அழிந்தால் பெய்த மழை பெருவெள்ளமாகப் பாய்ந்தோடிவிடும். கோடை வந்தால் குடியானவன் கிணறு வறண்டுவிடும்.

"காட்டைக் காக்க வனத்துறை இருக்கிறது, நமக்கென்ன வந்தது?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குச் சேலம் கண்ணங்குறிச்சியிலுள்ள மூக்கனேரி விடை கூறும். 2010-இல் சேலம் மக்கள் குழுவினர் அந்த ஏரியைச் சீர்படுத்தும் பணியில் இறங்கினர். தூர் வாரினர், ஏரிக்குள்ளே மண் திட்டுகள் எழுப்பினர், அவற்றில் மரக்கன்றுகள் நட்டனர். பறவைகள் திரும்பி வந்தன. மக்கள் கைகோத்தால் ஆகாதது உண்டோ?

ஆயினும், தோழர்களே, தொண்டு மட்டும் போதுமா? ஏரிக்கரையில் மண்வெட்டி பிடித்த மக்களைப் பாராட்டும் நாடு, காட்டில் வாழும் மக்களை எப்படி நடத்தியது?

சேலத்தை அடுத்த தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடிச் சிற்றூருக்குள் புகுந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடந்த காலத்திலேயே இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பாயிற்று. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நீதி நடந்து வந்த தொலைவு 31 ஆண்டுகள்! காட்டைக் காப்பதாகச் சொல்லிக் காட்டின் மக்களையே பகைவராக்கியதன் விளைவு இது.

இந்த அநீதிக்கு மாற்றாகப் பிறந்ததே 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டையும் காட்டு விலங்குகளையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரத்தை அதன் 5-ஆம் பிரிவு கிராம சபைக்கு வழங்குகிறது.

ஏட்டில் எழுதிய அதிகாரம் நாட்டில் என்ன செய்யும் என்கிறீர்களா? ஒடிசாவின் நியமகிரியைப் பாருங்கள். பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறியது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை தப்பியது. நம் சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காகப் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டப்பட்டதே, அந்தத் தொழிற்சாலை எழுந்த 1965-இல், கிராம சபையைக் கேட்க வேண்டும் என்று சொல்ல இப்படியொரு சட்டம் இல்லை. இன்று இருக்கிறது.

இருப்பதையும் கரைக்க முயல்வோர் உண்டு. வன உரிமைகள் முறையாக வழங்கப்பட்டனவா என்று பார்த்த பின்னரே மத்திய அரசு இறுதி அனுமதி தரவேண்டும் என்றிருந்த முறையை 2022-ஆம் ஆண்டு விதிகள் மாற்றின. அந்தப் பொறுப்பு மாநில அரசின் தலையில் சுமத்தப்பட்டது. டெல்லியில் அனுமதி முடிந்தபின் மலையில் கருத்துக் கேட்பது, தாலி கட்டியபின் பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்றதன்றோ?

எனவே நம் இயக்கத் தோழர்களின் கடமை இரண்டு. கோடைக்கு முன்னரே மலையடிவாரத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், உண்ணிச்செடியை அகற்றவும், காட்டில் வீசப்பட்ட புட்டிகளைப் பொறுக்கவும் வனக்காவலருக்குத் தோள் கொடுங்கள். மலைக்காட்டில் ஒற்றை ஆளாய் ரோந்து செல்லும் அந்த ஊழியரும் உழைப்பாளிதான். அத்துடன், கிராம சபை கூடும் நாளில் மலைவாழ் மக்களோடு அமருங்கள். வன உரிமை மனுக்கள் எழுதிக் கொடுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை எழுந்திராதீர்கள்.

நட்ட கன்றுக்கு நீர் வேண்டும். காக்கும் கைக்கு உரிமை வேண்டும். முன்னதை நாமே ஊற்றுவோம். பின்னதைப் போராடிப் பெறுவோம்!