பூனைக்கும் இருதய வருத்தமா?

“பூனைக்கும் இருதய வருத்தமா?” என்று கேட்டுச் சிரிப்பவர்கள் நம்மிடையே அதிகம். சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வி வரும்: “மனிசருக்கே மருந்து இல்லாத காலத்தில் பூனைக்கு வைத்தியமா?” முதலாவது கேள்விக்கு உயிரியல் பாடம் விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி அப்படியல்ல. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, மருந்துத் தட்டுப்பாட்டையும் கண்ட நாட்டில் அது நியாயமான கேள்விதான். அதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நோயைப் பார்ப்போம். பூனைகளில் மிக அதிகமாகக் காணப்படும் இதய நோயில் இடது இதயவறையின் தசைச் சுவர் தடிக்கிறது. அதனால் உள்ளே குருதி நிரம்பும் இடம் குறைகிறது. தசையும் சரியாகத் தளர்வதில்லை. இடது சோணையறையில் அமுக்கம் கூடி, காலப்போக்கில் நுரையீரலில் நீர் தேங்குகிறது. மெயின் கூன் என்ற இனத்தில் இதற்குக் காரணமான மரபணு மாற்றமொன்று 2005ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஆனால் இது விலையுயர்ந்த இனங்களுக்கு மட்டும் வரும் நோயல்ல. நமது குசினி வாசலில் மீன் தலைக்காகக் காத்திருக்கும் சாதாரணப் பூனைக்கும் வரும்.

பூனை தன் வருத்தத்தை மறைக்கும் பிராணி. எங்கள் வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோன இடத்தில்தான் மிருக வைத்தியர் அதன் இதயத்தில் வேறொரு சத்தத்தைக் கேட்டார். எக்கோ பரிசோதனை நோயை உறுதிப்படுத்தியது. சில மாதங்களின் பின் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியபோது அவர் எழுதித் தந்த மருந்து பியூரோசமைட். எங்கள் உம்மம்மா வருடக்கணக்காகக் குடித்துவரும் தண்ணீர்க் குளிசையும் அதுதான். அளவு மட்டும் வேறு.

எக்கோ பரிசோதனைக்குப் பணம் செலவாகும். எல்லாக் குடும்பங்களாலும் அது முடியாது. சக்திக்கு மேற்பட்டதை மார்க்கம் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் பராமரிப்பில் பெரும்பகுதி பணத்தால் ஆவதல்ல, கவனத்தால் ஆவது. பூனை தூங்கும்போது அதன் மார்பு ஏறி இறங்குவதை 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்கினால் சுவாச வீதம் கிடைக்கும். அது நிமிடத்திற்கு 30ஐத் தாண்டியே நின்றால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, பின்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டு குளிர்ந்து போனாலோ ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. பின்னது, இதயத்தில் உருவான குருதிக்கட்டி பெருநாடியில் போய் அடைத்ததன் அடையாளமாக இருக்கலாம். மனிதருக்குரிய மருந்தை நாமாகவே கொடுக்கவும் கூடாது. ஒரேயொரு பனடோல் குளிசைகூடப் பூனையைக் கொன்றுவிடக்கூடும். இவற்றையெல்லாம் அறிந்துகொள்ள ஒரு சதமும் செலவில்லை.

பூனையைக் கட்டிவைத்து, அதற்கு உணவும் கொடாமல், தானே இரை தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியை நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். புஹாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. அவள் அந்தப் பூனையை அடித்ததாக அதில் இல்லை. தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டதே குற்றமாயிற்று. அதே மார்க்கத்தில்தான் அபூ கதாதா (ரழி) அவர்கள் தமது வுழூவின் தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள்.

இன்று நம் ஊர்களில் நடப்பது என்ன? வருத்தம் வந்த பூனையை உறைப்பையில் போட்டு மீன் சந்தையில் விட்டுவிடுகிறார்கள். “அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்” என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். நாய்க்குப் பயந்து பத்தடி ஓடினாலே மூச்சு முட்டும் பூனை அங்கே எப்படிப் பிழைக்கும்? இன்னும் சிலர் பெரும் தொகை கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்குகிறார்கள். அதற்கு வருத்தம் என்றதும் “மனிசருக்கே மருந்தில்லை” என்கிறார்கள். வாங்கும்போது மனிதரின் கஷ்டம் நினைவுக்கு வரவில்லையா?

பூனைக்குக் காட்டும் இரக்கம் மனிதருக்குரிய பங்கிலிருந்து கழிக்கப்படுவதாக நினைப்பதும் தவறு. எங்கள் வீட்டில் பூனையின் மூச்சை எண்ணுவது தம்பியின் வேலை. உம்மம்மா இப்போதெல்லாம் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்குகிறார் என்பதை முதலில் கவனித்துச் சொன்னவனும் அவன்தான். அடுத்த கிளினிக்கில் உம்மா அதை வைத்தியரிடம் சொன்னபோது அவர் மருந்தின் அளவை மாற்றினார். ஒரு வாயில்லா ஜீவனின் மூச்சைக் கேட்கப் பழகிய காது, சொல்லத் தயங்கும் மனிதரின் மூச்சையும் கேட்கும்.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பூனை கேட்டால், வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அது நோயுற்றால் யார் பார்ப்பது என்பதையும் அன்றே பேசி முடிவு செய்யுங்கள். சகோதரிகளே, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம்மில் பலருக்கு மருத்துவ பீடம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. பேராதனையில் மிருக வைத்திய பீடமும் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். அங்கே போக முடியாதவர்களும் இன்றிரவு தம் வீட்டுப் பூனை தூங்கும்போது அருகில் உட்கார்ந்து 30 செக்கன் எண்ணிப் பார்க்கலாம். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.