பங்குப் பத்திரத்தில் தங்கம் விளையாது!

2025 அக்டோபரில் ஒரு பவுன் தங்கத்தின் விலை 90,000 ரூபாயைத் தாண்டிற்று. அதே 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். மண்டகப்பட்டு விவசாயத் தொழிலாளி ஒருவர் உண்ணாமல் உடுத்தாமல் 268 நாள் உழைத்தால்தான் ஒரு பவுன்!

இந்த ஏக்கத்தையே முதலாக வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. உலகச் சந்தை ஆட்டம் காண்கிறது, தங்கம் ஏறுகிறது, பவுன் வாங்க முடியாதவன் சின்னத் தங்கச் சுரங்கக் கம்பெனியின் பங்கையாவது வாங்கட்டும் என்கிறார்கள். கோர்ட்டில் வழக்கு இருப்பதால் பங்கு இப்போது மலிவாம். தீர்ப்பு வந்தால் பத்து மடங்காம்! ஆலை மூடியபோது கிடைத்த பணிக்கொடை, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டுப் பணம் இவற்றின் மீதுதான் இந்தப் பேச்சுக்குக் கண்.

சின்னச் சுரங்கக் கம்பெனி என்பது என்ன? பெரும்பாலும் அதனிடம் சுரங்கமே இராது. பாறையைத் துளைத்துப் பார்க்க அனுமதி இருக்கும். தங்கம் விற்று வரும் வருமானம் இல்லை. ஆகவே பங்கு விற்ற பணத்தில்தான் துளை போடுவதும், சம்பளம் கொடுப்பதும், வக்கீலுக்குப் பீஸ் கட்டுவதும். பணம் தீர்ந்தால் புதிய பங்குகளை வெளியிடுவார்கள். பழைய பங்குதாரரின் பாகம் சுருங்கும். தங்க விலை ஏறினாலும் பூமிக்குள் கிடக்கும் பாறை ரொக்கமாகி விடாது.

இது புதிய கதையல்ல. 1880ஐ ஒட்டி நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பகுதியில் தங்கம் கொழிக்கிறது என்று லண்டனில் முரசு அறைந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. ஏட்டளவில் மூலதனம் 40 லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு மேல்! நொடித்த காப்பித் தோட்டங்களைத் தங்க பூமி என்று கம்பெனிகளின் தலையில் கட்டினார்கள். தோண்டிப் பார்த்தால் கிடைத்தது செலவுக்கே கட்டவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. நிலத்தை விற்றவனும் பங்கை முதலில் விற்றவனும் பிழைத்தார்கள். கடைசியில் வாங்கியவன் கையில் காகிதம் மிஞ்சிற்று.

கோலார் ஜெயிக்கவில்லையா என்று கேட்பார்கள். ஜெயித்தது, உண்மை. மைசூர்க் கம்பெனியின் பணம் ஏறக்குறைய கரைந்த நேரத்தில், 1883ஐ ஒட்டி, சாம்பியன் ரீஃப் என்ற செழிப்பான தங்கப் படிவு அகப்பட்டது. அந்த லாபம் லண்டன் பங்குதாரருக்குப் போயிற்று. வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போய்ப் பூமிக்கடியில் இறங்கிய நம் மக்களுக்கு மிஞ்சியது கல்தூசி அடைத்த நுரையீரல். 1956இல் சுரங்கம் அரசுடைமையாயிற்று. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதன்பின் வழக்குகள் சுப்ரீம் கோர்ட் வரை போய், 2013இல் டெண்டருக்கு வழி திறந்தது. ஒரு பன்னிரண்டாண்டு போயிற்று! வேலையிழந்தவனின் வயிறு அத்தனை காலம் காத்திருக்குமா?

வழக்கு என்றால் தீர்ப்பு நாள் ஒன்றுதான் என்று எண்ணவேண்டாம். சட்டமே மாறலாம். சுரங்கக் குத்தகையை ஏலத்தில்தான் விடவேண்டும் என்று 2015இல் மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்திற்று. முன்பே ஆய்வு செய்தவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. 2021இல் மறுபடி திருத்தி, அந்த விலக்கில் நிலுவையாய் இருந்த மனுக்களைக் காலாவதி ஆக்கிற்று. கர்நாடகத்தில் ஹாவேரி ஜில்லா கணஜூரில் ஆண்டுக்கணக்காக ஆய்வு செய்து குத்தகை கேட்டுவந்த டெக்கான் கோல்டு மைன்ஸ் குழுமமும் இந்தச் சுழலில் சிக்கிற்று. இதில் மோசடி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சட்டத் திருத்தம் போதும். பணமுள்ளவன் பொறுத்திருப்பான். பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டியவன் வந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறுவான்.

ஆகவே, பங்கு வாங்கச் சொல்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. கம்பெனி கையில் இருப்பது சுரங்கக் குத்தகையா, ஆய்வு அனுமதி மட்டுமா?
2. சென்ற ஆண்டில் எத்தனை கிலோ தங்கம் எடுத்து விற்றது?
3. கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு? புதிதாக எத்தனை பங்கு வெளியிட்டார்கள்?
4. வழக்குத் தோற்றால் கம்பெனியிடம் என்ன மிஞ்சும்?

பங்குச் சந்தையில் பதிவான கம்பெனி இவற்றில் பலவற்றுக்கான விவரத்தை ஆண்டறிக்கையில் காட்டியாக வேண்டும். படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலானால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மனைவியின் காதில் கழுத்தில் உள்ளதை அடகு வைத்து இப்பங்கை வாங்குவது, இருக்கும் தங்கத்தைக் கொடுத்து இல்லாத தங்கத்தை வாங்குவதாகும். அந்தக் காரியத்தை ஒருபோதும் செய்யாதீர்கள். ஆலை தராமல் வைத்திருக்கும் பி.எப்., பணிக்கொடை, கூலி பாக்கி இவைதான் நமக்குரிய தங்கம். அதைத் தோண்டி எடுக்கச் சங்கமாகத் திரளுவோம்! அப்படி வாங்கிய காசைச் சூதாட்டக்காரன் பையில் போடாமல் காப்போம்!