சமவெளியில் உயரம் யாருக்கு உரியது?

ஒரு நகரம் எதற்காக வானை நோக்கி வளர்கிறது என்ற கேள்விக்குப் பொருளாதார சாஸ்திரிகள் தரும் விடை யாவரும் அறிந்ததே: நிலத்தின் விலை ஏற ஏற, பக்கவாட்டில் கிடைக்காத இடத்தை மனிதர்கள் மேலே தேடிக்கொள்ளுகிறார்கள். தீவாகிய மன்ஹாட்டனுக்கும், மலைக்கும் கடலுக்கும் இடையே நெருக்குண்டு கிடக்கும் ஹாங்காங்குக்கும் இந்த விடை பொருந்தும். ஆனால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்லும் கோதுமையும் மக்காச்சோளமுமன்றி வேறு தடையேதும் இல்லாத வட அமெரிக்கப் புல்வெளிப் பிரதேசத்தில், வேண்டிய மட்டும் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நடுத்தர நகரம் 400 அடி உயரத்துக்கு ஒரு கோபுரத்தை எழுப்புமானால், அதற்கு நிலத்தின் விலையைக் காரணமாகச் சொல்ல முடியாது. அங்கே உயரம் என்பது ஒரு பிரகடனம். ஆகவே அந்தப் பிரகடனத்தைச் செய்கிறவர் யார் என்பது ஒவ்வொரு பிரஜையும் கேட்கத்தக்க கேள்வியாகிறது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனில் ஏறக்குறைய 2,90,000 பேர் வசிக்கிறார்கள். அந்நகரின் மிக உயர்ந்த கட்டடம் வங்கியுமன்று, காப்பீட்டு நிறுவனமுமன்று. மாநிலச் சட்டசபையும் உச்ச நீதிமன்றமும் ஆளுநரின் அலுவலகமும் ஒருங்கே அமைந்த அரசாங்க மாளிகைதான் அது. அம்மாளிகையைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் எழும் கட்டடங்களுக்கு நகரசபை உயர வரம்பு விதித்து, கோபுரத்தை நோக்கிய பார்வை வழிகளைக் காத்து, புதிய கட்டடங்களின் அமைப்பைப் பரிசீலிக்க ஒரு குழுவையும் ஏற்படுத்தியிருக்கிறது. முன்னேற்றத்துக்குக் குறுக்கே போடப்பட்ட பழமையின் விலங்கு என்று இந்தக் கட்டுப்பாட்டைக் குறை கூறுகிறவர்கள் இருக்கலாம்; எமது அபிப்பிராயத்தில் அது நியாயமானது மட்டுமல்ல, வளர்ந்து வரும் எந்த நகரமும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கதும் ஆகும்.

அந்த மாளிகை எழுந்த வரலாறே இந்த அபிப்பிராயத்துக்கு முதல் ஆதாரம். அதற்கு முன் அதே இடத்தில் நின்ற இரண்டு கட்டடங்களில் முதலாவது, மட்டமான சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே சிதைந்தது. இரண்டாவதன் அஸ்திவாரம் இறங்கிப் போயிற்று. 1920-இல் நடந்த போட்டியில், கோதிக் பாணித் தேவாலயங்களுக்குப் பெயர்பெற்றிருந்த பெர்ட்ரம் குட்ஹியூ என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர் வெற்றி பெற்றார்; மாநிலந்தோறும் வாஷிங்டனின் குவிமாடத்தை நகலெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்துக்கு 437 அடி கொண்ட தாழ்ந்த சதுர மாளிகையின் நடுவிலிருந்து ஒரே கோபுரம் கிளம்பும் புதுமையான வடிவத்தை அவர் வரைந்து தந்தார். 1922-இல் தொடங்கிய வேலை 1932-இல் முடிந்தது. குட்ஹியூ 1924-லேயே காலமாகிவிட்டதால், தமது படைப்பு முழுமை பெற்றதைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. பழைய மாளிகையில் அலுவல்கள் நடந்துகொண்டிருக்க, அதைச் சுற்றியே புதிய மாளிகையின் வெளிச்சுற்றைக் கட்டி, இந்தியானாவிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல்லை இறக்குவதற்கென்றே தெருவில் ரயில் பாதை போட்டு, படிப்படியாக நான்கு கட்டங்களில் அந்தப் பணியை நிறைவேற்றினார்கள்.

இத்தனைக்கும் ஆன செலவு ஒரு கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. மாநிலம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன்படலாகாது என்று நெப்ராஸ்காவின் அரசியல் சாசனம் விதித்திருந்தபடியால், சொத்துவரியின்மீது ஒரு சிறு வரியைக் கூட்டி வசூலித்து, கையில் பணம் வரவரத்தான் கல்லின்மேல் கல் வைத்தார்கள். உலகமே பொருளாதார வீழ்ச்சியில் தத்தளித்த 1932-இல், கோபுரம் முடிந்தபோது அதன்மேல் ஒரு காசும் பாக்கியில்லை. விளைச்சலின் விலை சரிந்து வாடிய விவசாயியும் அதற்குத் தன் பங்கைச் செலுத்தியவன். ஆகவே அதன்மீது உரிமை கொண்டாட அவனுக்கு வேறு பத்திரம் வேண்டியதில்லை.

கோபுரத்தின் உச்சியில், பொன்னிறக் குவிமாடத்தின்மேல் நிற்பது மன்னனுமல்லன், தளபதியுமல்லன். லீ லாரி என்ற சிற்பி வடித்த, பத்தொன்பதரை அடி உயர வெண்கல உழவன் ஒருவன், பெயரில்லாமல், விதை தூவிக்கொண்டிருக்கிறான். பதினான்காம் மாடியின் வெளிமேடைக்கு யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிச் சென்று, நகரத்தையும் அதற்கப்பாலுள்ள வயல்வெளியையும் நாற்புறமும் பார்க்கலாம். கீழே, இரு சபைகளுக்கென்று கட்டப்பட்ட மாளிகையில் இன்று கூடுவது ஒரே சபை; 1934-இல் வாக்காளர்கள் தீர்மானித்தபடி, 1937 முதல் அமெரிக்காவிலேயே ஒரே சபை கொண்ட மாநிலம் நெப்ராஸ்காதான். கட்டி முடித்து இரண்டே ஆண்டுகளில் ஒரு சபைமண்டபம் வீணாகிறதே என்று தயங்காமல், கட்டடம் அரசியலுக்கு அடிமையேயன்றி அரசியல் கட்டடத்துக்கு அடிமையன்று என்பதை அந்த மக்கள் காட்டிவிட்டார்கள்.

எமது இந்த அபிப்பிராயத்துக்கு வரக்கூடிய ஆட்சேபங்கள் மூன்று. அரசாங்கக் கட்டடம் உயர்ந்திருப்பதனாலேயே மக்களாட்சி உயர்ந்துவிடுமா என்பது முதலாவது. உயர்ந்துவிடாதுதான். அதே 1930-களில் மாஸ்கோவில் ஸ்டாலினின் அரசாங்கம், 1931-இல் ஒரு பெரிய தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, அந்த இடத்தில் லெனினின் மாபெரும் சிலையைச் சுமந்து நிற்கும் சோவியத்துகளின் மாளிகையை உலகிலேயே உயரமாக எழுப்பத் திட்டமிட்டது. அது அஸ்திவாரத்தைத் தாண்டி அதிகம் எழவில்லை. உயரம் ஆணவத்துக்கும் சாதனமாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆகவேதான் யார் பணத்தில், யார் சம்மதத்தில், யார் உருவத்தைச் சுமந்து அது நிற்கிறது என்று கேட்கச் சொல்லுகிறோம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. எல்லோருக்கும் பொது என்று சொல்லும்போது அந்த எல்லோரில் யார் அடக்கம்? அந்த மண்ணில் வாழ்ந்த பாவ்னி மக்கள் 1870-களில் தெற்கே ஓக்லஹோமாவுக்கு வெளியேற நேர்ந்தது. பிற்பாடு கட்டப்பட்ட மாளிகையிலோ, கிழக்குச் சபையின் கதவுகளில் பூர்வகுடி ஆணும் பெண்ணும் அழகாகச் செதுக்கப்பட்டார்கள், குவிமாடத்தைச் சுற்றி அவர்களுடைய புராணப் பறவையாகிய இடிப்பறவை வண்ணத்தில் பதிக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டவனைச் சித்திரத்தில் உள்ளே அழைப்பது பிராயச்சித்தம் ஆகாது. எனினும் பொதுச் சொத்தாக இருப்பதனாலேயே அந்தக் கட்டடத்தின் முன் நின்று இந்தக் குறையை உரக்கச் சொல்ல முடிகிறது. ஒரு வங்கியின் வாசலில் நின்று சொன்னால் காவற்காரர் வந்து கையைப் பிடிப்பார்.

மூன்றாவது, வீட்டுப் பஞ்சத்தைக் காட்டிச் சொல்லப்படும் வாதம். உயரத்தைத் தடுத்தால் நகரம் விரிந்து விளைநிலத்தை விழுங்கும் என்கிறார்கள். நகர மையத்தில் 20 மாடிக் கட்டடங்கள் எழுவதற்கு லிங்கனில் இடையூறு இருந்ததில்லை. அடர்த்தியாக வாழ அதற்குமேல் அவசியமும் இல்லை. உயரமான குடியிருப்பெல்லாம் நிலைத்துவிடுவதுமில்லை: நெப்ராஸ்காப் பல்கலைக்கழகம் 1960-களில் கட்டிய 13 மாடி மாணவர் விடுதிகள் இரண்டை, அரை நூற்றாண்டு கடந்ததும், 2017-இல் தானே தகர்த்துவிட்டது என்பதையும் நினைவிற்கொள்வது நலம்.

தனியாரின் கோபுரங்களை நாம் வெறுக்கவில்லை. ஐம்பது மைல் தொலைவிலுள்ள ஓமாஹாவில் 1969-இல் ஒரு காப்பீட்டுச் சங்கம் 30 மாடியும், 2002-இல் ஒரு வங்கி 45 மாடியும் கட்டி, மாநிலத்திலேயே உயரமானவை என்ற புகழை அடுத்தடுத்துப் பெற்றன. அவை வணிகத்தின் வெற்றியை நேர்மையாகவே அறிவிக்கின்றன. ஆனால் வணிகத்தின் ஆயுள் கல்லின் ஆயுளைவிடக் குறுகியது. ஓக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில் என்ற சிற்றூரில், பிராங்க் லாயிட் ரைட் என்ற மேதை ஓர் எண்ணெய்க் குழாய் நிறுவனத்துக்காக 1956-இல் முடித்துக்கொடுத்த 19 மாடிப் பிரைஸ் டவர், அந்நிறுவனம் அகன்ற பின் கைமாறிக் கைமாறி, கலைக்கூடமாகவும் தங்கும் விடுதியாகவும் வேஷம் மாறி, 2024-இல் பணமுடையால் கதவடைத்தது. ஊருக்கே அடையாளமான ஒரு கட்டடத்தின் கதியை ஊரார் வேடிக்கை பார்க்க நேர்ந்தது.

எல்லா நகரங்களும் லிங்கனின் சட்டத்தை அப்படியே பிரதி செய்யவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. வானம் விற்பனைக்குரிய சரக்கு என்று எண்ணி, கேட்டவருக்கெல்லாம் எழுதிக்கொடுத்துவிடலாகாது என்றே சொல்லுகிறோம். இடத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் எல்லாவற்றுக்கும் மேலான உயரத்தைக் கேட்டு ஒருவர் வருவாரானால், அது எதற்கு என்று வினவும் உரிமை நகரசபைக்கு உண்டு. சாமானியன் அதன் உச்சிக்குச் செல்லக் கூடுமா, அதன் கடனை யார் சுமப்பது, கட்டியவர் போனபின் அதைக் காப்பவர் யார் என்ற வினாக்களுக்குத் திருப்தியான விடை கிடைக்கும்வரை, அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்திடாமலிருப்பது அதன் கடமையும் ஆகும்.